பட்டாவும் பயிரும்: உழவர் உதவித் தொகை பற்றிச் சில விளக்கங்கள்

சங்கங்களைப் பார்வையிட நாம் எந்த ஊருக்குச் சென்றாலும், கணக்குப் புத்தகங்களை மூடிவைத்த பிறகு உறுப்பினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அடுத்த வீட்டுக்காரருக்கு இரண்டாயிரம் ரூபாய் வந்திருக்கிறது; எனக்கு ஏன் வரவில்லை?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் நாள்தோறும் வயலில் இறங்கிப் பாடுபடுபவராக இருப்பார். பணம் பெற்ற அடுத்த வீட்டுக்காரரோ, நாகர்கோவிலில் கடை நடத்திக்கொண்டு, அறுவடைக்கு மட்டும் களத்துப் பக்கம் வந்து போகிறவராக இருப்பார். இது சங்கம் கொடுக்கும் பணமன்று. இதைக் கொடுக்கவோ மறுக்கவோ சங்கத்துக்கு அதிகாரமும் இல்லை. ஆயினும் உறுப்பினர் தம் வருத்தத்தைச் சொல்லிக்கொள்ள ஊரில் உள்ள இடம் சங்கந்தான். ஆதலின், சர்க்கார் பணம் எந்த விதிப்படி யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும், நமது நாஞ்சில் நாட்டில் அவ்விதி ஏன் பலருக்குப் பொருந்தாமற்போகிறது என்பதையும் விளக்க விரும்புகிறோம்.

நெசவாளர் அன்பர்கள் இது வயற்காரர் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. தறி ஒருவர் பெயரில் இருக்க, நெய்பவர் வேறொருவராக இருக்கும் நிலை வடசேரிப் பக்கத்திலும் தெரியாத செய்தியன்று. உதவி என்று ஒன்று வரும்போது அது பொருளுக்குரியவரைத் தேடிச் செல்லுமா, உழைப்பவரைத் தேடிச் செல்லுமா என்னும் கேள்வி இரு தொழிலுக்கும் பொதுவானது.

இப்போது பேசப்படும் திட்டத்தின் பெயர் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி. இது 2019 பிப்ரவரி 1-ஆம் நாள் மத்திய அரசின் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அம்மாதம் 24-ஆம் நாள் கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2018 டிசம்பர் 1 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளாக, தவணைக்கு ரூ. 2,000 வீதம், வங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்படுகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு தவணை, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச்சு வரை ஒன்று என்பது ஏற்பாடு. செலவு முழுவதும் மத்திய அரசைச் சேர்ந்தது. தொடக்கத்தில் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலமுள்ள சிறு, குறு உழவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2019 ஜூன் முதல் அவ்வரம்பு நீக்கப்பட்டு, நிலமுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாக்கப்பட்டது.

இங்கே 'குடும்பம்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். கணவன் பெயரில் ஒரு பட்டாவும் மனைவி பெயரில் ஒரு பட்டாவும் இருந்தாலும் ஒருவருக்கே தொகை உண்டு. வயது வந்த மகன் பெயரில் தனியே நிலமிருப்பின் அவன் வேறு குடும்பம். மேலும் இது ஏக்கர்க் கணக்கில் தரும் பணமன்று. குடும்பக் கணக்கில் தரும் பணம். 20 சென்டு வயல் உடையவருக்கும் ரூ. 6,000, 10 ஏக்கர் ரப்பர்த் தோட்டம் உடையவருக்கும் ரூ. 6,000. இவ்வகையில் இது சிறியவருக்குச் சாதகமான விதி என்றே சொல்ல வேண்டும். 2018-இல் தெலங்கானா அரசு தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்கு, பருவத்துக்கு ரூ. 4,000 என்று கணக்கிட்டுக் கொடுத்தனர். நிலம் மிகுந்தவருக்குப் பணமும் மிகுந்தது. பின்னர் அது ரூ. 5,000 ஆகவும் உயர்ந்தது.

யார் யாருக்கு இல்லை என்பதும் விதியில் உண்டு. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர், சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவரும் இருந்து ஓய்வு பெற்றவரும், மாதம் ரூ. 10,000-க்குக் குறையாமல் ஓய்வூதியம் பெறுபவர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், என்ஜினீயர், கணக்குத் தணிக்கையாளர் ஆகியோருக்கு இத்தொகை இல்லை. கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலங்களுக்கும் இல்லை. இந்தக் கடைசி வரியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இத்தொகை சிறிதா பெரிதா என்று கேட்பவர்களுக்கு நெல்லைக் கொண்டே கணக்குச் சொல்லலாம். 2018-19-இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 1,750. அன்றைக்கு ரூ. 6,000 என்பது சற்றேறக்குறைய 3 குவிண்டால் 43 கிலோ நெல்லின் விலை. 2025-26-க்கு அவ்விலை ரூ. 2,369 ஆயிற்று, தமிழ்நாட்டு அரசின் ஊக்கத் தொகை சேர்ந்து கொள்முதல் நிலையத்தில் ரூ. 2,500 கிடைக்கும். மத்திய விலையைக் கொண்டே பார்த்தாலும், அதே ரூ. 6,000 இப்போது 2 குவிண்டால் 53 கிலோ நெல்லுக்குத்தான் சமம். நெல் விலை ஏறியது. உரம், கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் ஏறின. உதவித் தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆயினும் அது சிறுதொகையன்று. 2025 நவம்பர் 19-ஆம் நாள் கோயம்புத்தூரில் நடைபெற்ற விழாவில் 21-ஆவது தவணை விடுவிக்கப்பட்டது. தொடக்கம் முதல் ஒரு தவணையும் விடாமல் பெற்ற குடும்பத்துக்கு அதுவரை ரூ. 42,000 வந்திருக்கும். பெயர் விடுபட்டுப்போன குடும்பம் அந்த ரூ. 42,000-ஐ இழந்தது என்று பொருள். ஒரு பசு மாட்டின் விலை அது. அல்லது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் கணிசமான பங்கு.

சிட்டாவும் அடங்கலும்

இனி, வயலில் பாடுபடுபவருக்கு ஏன் வரவில்லை என்னும் கேள்விக்கு வருவோம். கிராம நிர்வாக அலுவலரிடம் இரு வகைக் கணக்குகள் உள்ளன. நிலம் யாருக்குச் சொந்தம் என்று கூறுவது பட்டாவும் அதன் சிட்டாவும். அந்நிலத்தில் இவ்வாண்டு என்ன பயிர், எத்தனை பரப்பு, யார் பயிரிடுகிறார் என்று கூறுவது அடங்கல். இதற்குக் கிராமக் கணக்கு எண் 2 என்று பெயர். ஜூலை முதல் மறு ஜூன் வரையுள்ள பசலி ஆண்டுக்கு ஒருமுறை இது புதிதாக எழுதப்படுவது. சிட்டா நிலத்தின் பிறப்புச் சான்று என்றால், அடங்கல் அதன் நாட்குறிப்பு எனலாம்.

நமது சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டு வருபவரிடம் நாம் அடங்கலைக் கேட்கிறோம். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கலே வேண்டும். அதனாலேயே, குத்தகைக்குப் பயிரிடுபவரும் காப்பீடு செய்துகொள்ள முடிகிறது. கும்பப்பூ நெல் வெள்ளத்தில் போனால் இழப்பீடு அவர் பெயருக்கே வர வழியிருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்திலும் பயிரிட்டதற்கான அடங்கல் சான்றைப் பார்த்தே நெல்லை எடுக்கிறார்கள். ஆனால் கிசான் உதவித் தொகைக்கு அடங்கல் செல்லாது. 2019 பிப்ரவரி 1-ஆம் நாளன்று நில ஆவணத்தில் எவர் பெயர் இருந்ததோ அவருக்கே பணம். அந்நாளுக்குப் பின் நிலம் வாங்கியவர்களுக்கும் பொதுவாக இடமில்லை. நிலத்துக்குடையவர் இறந்து, வாரிசுக்கு நிலம் வந்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

சுருங்கச் சொன்னால், இது பயிருக்குத் தரும் பணமன்று, பட்டாவுக்குத் தரும் பணம். வயல் தரிசாகக் கிடந்தாலும் பட்டாதாரர் பெறலாம். இரண்டு பூவும் விளைவித்தாலும் குத்தகைக்காரர் பெற முடியாது. அரசாங்கத்தார் இப்படி வைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. நாடு முழுவதும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குச் சில வாரங்களுக்குள் பணம் அனுப்ப வேண்டுமானால், கணினியில் முன்பே ஏறியிருக்கும் ஏதேனும் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். பட்டா அப்படி ஏறியிருந்தது. வாய்ச்சொல்லில் நடக்கும் குத்தகை எந்தப் பட்டியலிலும் இல்லை. எளிதில் கிடைத்த கணக்கை எடுத்துக்கொண்டார்கள். எளிமைக்கு ஒரு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி.

நாஞ்சில் நாட்டு வயல்கள் யார் பெயரில்?

வேறு பல மாவட்டங்களைக் காட்டிலும் நமது பகுதியில் இவ்விலை சற்றுக் கூடுதலாகவே விழுகிறது என்று நாம் கருதுகிறோம். அதற்குப் பழைய வரலாறும் ஒரு காரணம்.

தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களின் வயல்கள் பழையாற்றையும், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையையும் நம்பியவை. கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ என்று மலையாள மாதக் கணக்கிலேயே நாம் இன்றும் பயிரை அழைக்கிறோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தமையால் நிலத்துக்குரிய பெயர்களும் வழக்கங்களும் வேறாயிருந்தன. 'பாட்டம்' என்றும் 'ஒற்றி' என்றும் நாம் பேசுவதைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரர் சற்று விழிப்பார். இணைப்புக்குப் பின், 1964-இல் இப்பகுதிக்கெனத் தனியே ரயத்துவாரி செட்டில்மென்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே முன்பு மருமக்கள்வழி முறை இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும். காரணவர் ஒருவரே குடும்ப நிலம் அனைத்தையும் நிர்வகிப்பார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய மருமக்கள்வழி மான்மியம் அம்முறையின் கேடுகளை எள்ளி நகையாடியது என்பது நமது வாசகர்கள் அறிந்ததே. 1926-இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மக்களுக்குச் சொத்துரிமையும் பாகப் பிரிவினைக்கு வழியும் தந்தது. பாகம் பிரிந்தது, மறு தலைமுறையில் மீண்டும் பிரிந்தது. ஆனால் ஊரார் முன்னிலையில் வரப்பைக் காட்டிப் பிரித்துக்கொண்ட அளவுக்கு, தாலுக்கா அலுவலகத்தில் பெயர் மாற்றிக்கொள்வதில் மக்கள் அக்கறை காட்டவில்லை. நிலத்தீர்வையை யாரேனும் ஒருவர் கட்டிவந்தால் போதும் என்றிருந்தனர். இந்தப் பழக்கம் ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரியதன்று, எல்லாரிடமும் உண்டு. இதனால், இறந்து நாற்பது ஆண்டுகளான பாட்டனார் பெயரில் இன்றும் பட்டா இருக்கும் வயல்களை நாம் சங்கக் கடன் மனுக்களில் அடிக்கடி காண்கிறோம். பாட்டனாருக்கு ஆதார் இல்லை. ஆகவே பேரனுக்குப் பணமில்லை.

இவர்களுடைய குறை தீரக்கூடிய குறை. இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும், பாகப்பத்திரம் இருப்பின் அதுவும் கொண்டு இ-சேவை மையத்தின் வழியே பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்யலாம். கூட்டுப் பட்டாவாக எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்ப்பது விரைவில் முடியும்; உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா கேட்டால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், நாளாகும். கூட்டுப் பட்டாவில் பெயருள்ள ஒவ்வொரு தனிக் குடும்பமும் மற்றத் தகுதிகள் இருப்பின் தொகைக்கு உரியதாகும் என்பதால், உட்பிரிவு முடியட்டும் என்று காத்திருப்பது தேவையற்றது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லாத வீடுகளில் கூட்டுப் பட்டாவும் எளிதன்று என்பதை நாம் அறிவோம். அதற்கு மனு எழுதித் தர நம்மால் முடியும். சமாதானம் செய்துவைப்பது ஊர்ப் பெரியவர்களின் வேலை.

தீராத குறை குத்தகைக்காரருடையது. அவர்களிலும் கோவில் வயலைப் பயிரிடுவோர் நிலை தனியானது. நமது மாவட்டத்துக் கோவில்களுக்கு வயல்கள் உண்டு. அவற்றின் பட்டா சுவாமி பெயரிலோ கோவில் பெயரிலோ இருக்கும். நிறுவன நிலங்களுக்குத் தொகை இல்லை என்னும் விதியை மேலே குறிப்பிட்டோம். ஆகவே அந்த வயலுக்காகச் சுவாமிக்கும் பணமில்லை. சுவாமியின் வயலைத் தலைமுறையாக உழுபவருக்கும் பணமில்லை. தனியார் நிலத்துக் குத்தகைக்காரருக்காவது, நிலத்துக்குடையவர் மனமிரங்கித் தவணையில் பாதியைக் கொடுக்கலாம் என்னும் நப்பாசை உண்டு. கோவில் குத்தகைக்காரருக்கு அதுவுமில்லை.

தனியார் நிலக் குத்தகைக்காரர் அடங்கலில் பெயர் ஏற்றிக்கொள்ளவும் தயங்குகிறார். பெயர் ஏறினால் உரிமை கொண்டாடிவிடுவார் என்று நிலத்துக்குடையவர் அஞ்சுகிறார். அவர் அஞ்சுவதைக் கண்டு, அடுத்த பூவுக்கு வயல் கிடைக்காதே என்று குத்தகைக்காரர் அஞ்சுகிறார். 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இத்தகைய பெயர்களைப் பதிவதற்காகவே வந்தது. சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெருவாரியான குத்தகை வாய்ச்சொல்லிலேயே நடக்கிறது. பயத்தைச் சட்டத்தால் போக்குவது கடினம்.

அமெரிக்காவில் நடந்தது

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. 1933-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பருத்தி விலை தரைமட்டமாக வீழ்ந்திருந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று எண்ணிய ரூஸ்வெல்ட் அரசு, வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் என்று ஒன்றை இயற்றி, பயிரிடாமல் விடும் நிலத்துக்குப் பணம் கொடுத்தது. அவ்வாண்டு முளைத்து நின்ற பருத்தியையே ஏறத்தாழ 1 கோடி ஏக்கரில் உழுது மடக்கினார்கள். பணம் நிலத்துக்குடையவர் கைக்குச் சென்றது. அவர் தம் வாரக் குடிகளுக்கு அதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் கொடுக்கவில்லை. அதனினும் கொடியது, பயிர்ப் பரப்புக் குறைந்ததால் குடிகளே வேண்டாதவர்களாயினர். சர்க்கார் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வதைக் காட்டிலும் குடியை வெளியேற்றிவிட்டுக் கூலியாளை வைத்துக்கொள்வது நிலத்துக்குடையவருக்கு இலாபமாக இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 1934 ஜூலையில் ஆர்க்கன்சா மாநிலத்து டைரான்சா என்னும் சிற்றூரில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகச் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தை அமைத்தனர். இரு நிறத்தாரும் ஒரே கூரையின்கீழ்க் கூடுவது அங்கே அன்று எவ்வளவு அரிது என்பதை எண்ணிப் பார்த்தால், வயிற்றின் நெருக்கடி எத்தகையது என்பது விளங்கும்.

அந்நாட்டில் பிறகு ஒரு நல்ல வழக்கமும் தோன்றியது. எந்த வட்டாரத்தில் எந்த உழவர் எவ்வளவு உதவித் தொகை பெற்றார் என்று, 1995 முதலான கணக்கைப் பெயருடன் திரட்டி ஒரு தனியார் ஆராய்ச்சி அமைப்பு யாவரும் காண வெளியிட்டு வருகிறது. பெரும் பண்ணைகளே பெருந்தொகை பெறுகின்றன என்று ஊராருக்குத் தெரிந்தது அதனால்தான். கிசான் திட்டத்திலும் ஊர்வாரியான பெயர்ப் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் பழக்கந்தான் நம்மிடம் இன்னும் வரவில்லை.

குத்தகைக்காரரைச் சேர்த்துக்கொள்ளவே முடியாதோ எனில், முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. ஒடிசா அரசு 2018-இன் இறுதியில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரக் குடிகளுக்கும் நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் இடம் கொடுத்தது. ஆந்திர அரசு 2019-இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, 11 மாதத்துக்குச் செல்லும் அட்டை ஒன்றைக் குத்தகைக்காரருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. அந்த அட்டை நில உரிமையைத் தொடாது, பயிர்க்கடனுக்கும் உதவித் தொகைக்கும் மட்டுமே பயன்படும் என்று சட்டத்திலேயே தெளிவாக்கினர். ஆனால் அட்டைக்கு நிலத்துக்குடையவரின் கையெழுத்து வேண்டும் என்றும் வைத்தார்கள். தயக்கம் பழையபடியே வாசலில் வந்து நின்றது. அண்டையிலுள்ள கேரளத்தில் இன்னொரு விதம். வயலைத் தூர்த்து மனையாக்காமல் நெல்வயலாகவே காப்பவருக்கு 2020 முதல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ரூ. 2,000 'ராயல்டி' என்று கொடுக்கத் தொடங்கினர்; பின்னர் ரூ. 3,000 ஆக்கினர். அதுவும் நிலத்துக்குடையவருக்கே. ஆயினும் அங்கே பணம் ஒரு செயலுக்குக் கூலியாகிறது: வயல் வயலாக இருக்க வேண்டும். நாகர்கோவிலைச் சுற்றி ஆண்டுக்காண்டு வயல் மனையாவதைப் பார்க்கும் நமக்கு, இத்தகைய ஒரு நிபந்தனை இங்கும் இருந்திருக்கலாகாதா என்று தோன்றுவது இயல்பு. மனை பிரிக்கக் கல் நட்ட வயலுக்கும் பட்டா விவசாய நிலம் என்று இருக்குமட்டும் தவணை வந்துகொண்டிருப்பதை என்னவென்று சொல்வது!

2020-க்குப் பின்

உண்மை உழவர் பலரும் இடையில் நின்றுபோன தவணைகளைப் பற்றி முறையிடுகின்றனர். அதன் காரணத்தைச் சொல்ல 2020-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். உழவர்கள் தாமே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்று வழி திறந்திருந்தது. கொரோனா ஊரடங்குக் காலத்தில், அதிகாரிகளுக்குரிய கடவுச் சொற்களைத் தவறாகப் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களின் பெயர்களைத் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கில் சேர்த்துவிட்டனர். வட மாவட்டங்களில், குறிப்பாகக் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில், இது மிகுதி. அவ்வாண்டு ஆகஸ்டில் மோசடி வெளிப்பட்டபோது, தகுதியற்ற சுமார் ஐந்தரை இலட்சம் பேருக்கு ரூ. 110 கோடி சென்றுவிட்டதாக அரசே அறிவித்தது. குற்றப் பிரிவுப் போலீசார் வழக்குகளை எடுத்தனர். பணத்தைத் திரும்பப் பெறும் வேலையும் நடந்தது.

அதன் பின் காவல் இறுகியது. இப்போது பணம் வருவதற்கு மூன்று முடிச்சுகள் அவிழ வேண்டும். முதலாவது, ஆதார் கொண்டு ஆளை உறுதி செய்யும் இ-கே.ஒய்.சி. இதைக் கைரேகை வைத்தோ, கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொண்டோ, முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழுவதில்லை என்னும் குறை முதியோரிடம் பரவலாக உண்டு; அவர்கள் முக அடையாள வழியைக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது, நில விவரம் பதிவில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் பட்டா நகலுடன் செல்ல வேண்டும். மூன்றாவது, வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் நமது உறுப்பினர்கள் மிகவும் குழம்புகிறார்கள். மத்தியக் கூட்டுறவு வங்கிப் புத்தகத்தைக் காட்டி, "இதில் ஒன்றும் வரவில்லை" என்பார்கள். ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கிருந்தால், ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கை இணைக்கச் சம்மதம் கொடுத்தாரோ அந்தக் கணக்குக்கே பணம் செல்லும். சமையல் வாயு மானியத்துக்காகவோ நூறு நாள் வேலைக் கூலிக்காகவோ எப்போதோ தொடங்கிய கணக்கு ஒன்றில் தவணைகள் ஓசையின்றிச் சேர்ந்துகொண்டிருக்கும். ஆதலின் வரவில்லை என்று முறையிடுமுன், எல்லாப் புத்தகங்களிலும் வரவு பதிந்து பார்ப்பது நல்லது.

2025-இல் உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணியும் தமிழ்நாட்டில் ஊர்தோறும் நடைபெற்றது. நில உடைமை விவரத்தை ஆதாருடனும் கைப்பேசி எண்ணுடனும் இணைப்பது அது. இதற்கும் அடிப்படை பட்டாவே. பெயர் மாற்றாத பட்டா உடையவர்கள் இனிமேல் இந்த ஒரு தொகைக்கு மட்டுமன்றி மற்ற உதவிகளுக்கும் தடுமாற நேரிடலாம் என்பதால், அவர்கள் தாமதிக்கலாகாது.

குத்தகைக்காரர்களுக்குச் சங்கம் செய்யக்கூடியது ஓரளவு உண்டு. கிசான் தொகையை நாம் வாங்கித் தர இயலாது. ஆனால் பயிர்க்கடன் நம் கையில் இருக்கிறது. உரிய தவணைக்குள் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. மத்திய அரசும் மாநில அரசும் அதை ஏற்கின்றன. ரூ. 60,000 கடன் வாங்கும் ஒருவர், அதே தொகையை வெளியில் நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆறு மாதப் பயிருக்கு ரூ. 7,200 வட்டி கொடுத்திருப்பார். கிசான் தொகையின் ஓராண்டுப் பணத்தைக் காட்டிலும் இது அதிகம். தனியே அடங்கல் பெற இயலாத குத்தகைக்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, நபார்டு வகுத்த முறைப்படி கூட்டுப் பொறுப்புக் குழுவாக அமைந்து கடன் கேட்கலாம். சில செயலாளர்கள் இதை வீண் வேலை என்று தட்டிக் கழிக்கிறார்கள். சொந்த நிலக்காரரின் நகையை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பது எளிது. குழுவைக் கூட்டி, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்து, வயலை நேரில் போய்ப் பார்த்துக் கொடுப்பதுதான் கூட்டுறவு.

இன்னொன்று. ஏப்ரல்–ஜூலைத் தவணை கன்னிப்பூ நடவுக்கு உதவும் என்று எண்ணிக் கடைக்காரரிடம் தவணை சொல்லி உரம் வாங்குவோர் உண்டு. 2025-இல் அத்தவணை ஆகஸ்டு 2-ஆம் நாள்தான் விடுவிக்கப்பட்டது. அதற்குள் ஜூன் மாதத்தில் நட்ட கன்னிப்பூப் பயிருக்கு அடியுரமும் மேலுரமும் போய் முடிந்திருக்கும். நாளை நம்பிக் கடன் சொல்வதற்கு இது ஏற்ற பணமன்று; உரத்துக்குச் சங்கக் கடனின் பொருட் பகுதியையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு யோசனை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், இணையதளத்திலுள்ள நமது ஊர்ப் பட்டியலை அச்சிட்டு வாங்கி, செயலாளரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். இறந்தவர் பெயர், ஊரை விட்டுப் போனவர் பெயர், வரவேண்டியிருந்து விடுபட்ட பெயர் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஊரார் நினைவைவிடச் சிறந்த தணிக்கை எந்தக் கணினியிலும் இல்லை. விடுபட்டவர்களின் பெயர்களைத் தனியே குறித்து, எவருக்குப் பட்டா மாற்றம் வேண்டும், எவருக்கு இ-கே.ஒய்.சி. வேண்டும், எவருக்கு வங்கி இணைப்பு வேண்டும் என்று பிரித்துக்கொண்டால், ஒரே நாளில் நான்கைந்து பேராகச் சேர்ந்து போய் மனுக் கொடுக்கலாம். நிலமின்றிக் குத்தகைக்குப் பயிரிடுவோரின் பெயர்களையும் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இன்று அப்பட்டியலுக்குப் பணம் வராது. என்றேனும் சர்க்கார் அப்படி ஒரு கணக்கைக் கேட்டால், எடுத்துக் கொடுக்க ஊரில் ஓர் ஏடாவது இருக்கும். கூட்டத்தைக் கன்னிப்பூ நடவுக்கு முன்பே வைத்துக்கொள்வது நலம். பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டால் பிறகு ஆள் சேர்வது அரிது.